அறுபத்து மூன்று புகார்கள்

எதையும் சரிபார்க்காமல் நம்புகிற பழக்கம் எனக்குக் கிடையாது, இன்ஸ்பெக்டர் மேடம். போர்டில் திருச்சுழி என்று படித்த பிறகும் கண்டக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் பஸ்ஸில் ஏறுவேன். அந்தக் கம்ப்யூட்டர் நிரலையும் அப்படித்தான் எழுதினேன்.

பிராக்ஸி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நாம் அனுப்புவதை வேறொரு ஊர்க் கம்ப்யூட்டர் வாங்கித் தன் விலாசத்தில் அனுப்பிவைக்கும். இணையத்தில் இலவசமாகப் பட்டியல் பட்டியலாகக் கிடைக்கும். முக்கால்வாசி செத்தவை. என் நிரல் ஒவ்வொன்றின் கதவையும் தட்டும். ஐந்து விநாடிக்குள் பதில் வந்தால் உயிர் உண்டு என்று குறித்துக்கொள்ளும். அருப்புக்கோட்டையில் நான் பாடம் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரில் சனிக்கிழமை வகுப்புக்கு இதைத்தான் செய்துகாட்டினேன். நானூறு விலாசங்களில் அறுபத்து மூன்று தேறின.

பதில் வந்தால் மட்டும் போதுமா? உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்க எதையாவது அனுப்பிப் பார்க்க வேண்டும். புகார் சொல்வதற்கென்று ஒரு இணையதளம் இருந்தது. பெயர் கட்டாயமில்லை என்று அதிலேயே போட்டிருந்தது. திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர் நாகஜோதி முட்டை திருடுகிறார், புழுத்த பருப்பைப் பிள்ளைகளுக்குப் போடுகிறார் என்று எழுதி, அறுபத்து மூன்று பிராக்ஸி வழியாகவும் அனுப்பினேன். ஒன்றைப்போல் ஒன்று இருக்கக் கூடாதென்று வார்த்தைகளை மாற்றிப் போடப் பத்து வரி கூடுதலாக எழுதினேன். சோதனை என்றால் நேர்த்தி வேண்டும்.

அத்தனையும் போய்ச் சேர்ந்தன. பிரேசிலில் இருப்பவருக்கும் பின்லாந்தில் இருப்பவருக்கும் இந்த முட்டையில் என்ன அக்கறை என்று அதிகாரிகள் ஒருவரும் யோசிக்கவில்லை. எண்ணிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அந்த அம்மாவை இடைநீக்கம் செய்தார்கள்.

அவர் என் மாணவிதான். அடுத்த வாரம் கையில் நோட்டீசோடு சென்டருக்கு வந்தார்.

"சார், அறுபத்து மூணு பேரு எழுதியிருக்காகளாம். எங்க ஊருல அம்புட்டு வீடே கிடையாது. யாருன்னு கம்ப்யூட்டர்ல கண்டுபிடிக்க முடியுமா, சார்?"

டீ வாங்கிக் கொடுத்தேன். பார்க்கிறேன் என்றேன். ஊரில் அவர் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். சமையல்கார ராக்கம்மாள் மட்டும் சாட்சி சொல்ல வருவதாகச் சொன்னார். இரண்டு நாள் கழித்து போன் செய்து, எழுதியது ராக்கம்மாள்தான் என்றேன்.

"அந்த அக்காவா? எம்பிள்ளையத் தூக்கி வளத்தவுக, சார்," என்றார். நான்தான் போனை வைத்தேன்.

ராக்கம்மாள் வீட்டு வாசலில் நின்று நாகஜோதி மண்ணை வாரித் தூற்றினாராம். விசாரணைக்கு ராக்கம்மாள் போகவில்லை. நாகஜோதிக்கு வேலை போயிற்று. அந்தப் பக்கம் கிணறுகளில் தண்ணீர் கிடப்பதே அபூர்வம். இந்த வருஷம் கிடந்தது. மூன்றாம் நாள் நாகஜோதியைக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள். நானும் மாலை வாங்கிக்கொண்டு போனேன்.

அதன் பிறகுதான் நீங்கள் புகார்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்திருக்கிறீர்கள். அறுபத்து மூன்றில் ஒரு பிராக்ஸி, அனுப்பியவரின் சொந்த விலாசத்தையும் சேர்த்தே அனுப்பிவிடும் ரகம். உயிர் இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, என்னை மறைக்கிறதா என்று பார்க்கவில்லை. தொழிலில் அது பிழைதான். ஒப்புக்கொள்கிறேன். புகார் எழுதியது நான். ராக்கம்மாள் பெயரைச் சொன்னதும் நான்.

ஆனால் நாகஜோதி வகுப்பிலேயே இதைக் கேட்டார், அந்தக் கோபத்தில்தான் செய்தேன் என்று மற்ற மாணவர்கள் சொல்வது அபாண்டம். சோதனைக்கு ஏதோ ஒரு பெயர் வேண்டும். கைக்கு வந்ததைப் போட்டேன். வகுப்பில் யார் யாரோ என்னென்னவோ கேட்பார்கள், எனக்கு எதுவும் மனதில் தங்காது. "பதில் வந்துட்டா நம்ம விலாசம் மறைஞ்சிருச்சுன்னு அர்த்தமா, சார்?" என்று அவர் எழுந்து கேட்டபோது மணி நாலு பத்து, ஊதாவில் வெள்ளைப் பூப் போட்ட சேலை, என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் பதினோரு பேர்.