மகளின் லேப்டாப்பில் நான் எழுதாத வரி

ஓய்வு பெற்றபின் எனக்கு உருப்படியாக வருகிற ஒரே வேலை கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பதுதான் மேடம். துணி மடித்தால்கூட என் மனைவி பிரித்து மறுபடி மடிக்கிறாள்.

நீங்கள் என் மகளின் பேராசிரியர். அவள் ஏன் மீன் ஆராய்ச்சியை விட்டாள் என்று கேட்க வந்திருக்கிறீர்கள். காரணம் அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

போன வருடம் அவள் தன் லேப்டாப்பின் ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதுப்பித்தாள். மறுநாள் எந்தக் கமாண்டைத் தட்டினாலும், அப்படி ஒன்று இல்லை என்றது திரை. புரோகிராம்கள் பத்திரமாகத்தான் இருந்தன. அவற்றை எந்தெந்த ஃபோல்டரில் தேடுவது என்று வைத்திருக்கும் பாதைப் பட்டியல்தான் அழிந்துபோயிருந்தது.

"அப்பா, கொஞ்சம் வாங்களேன்" என்றாள். முப்பது வருடம் ஓர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர் அறையைக் கட்டி மேய்த்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு ஒருவரும் கூப்பிட்டதில்லை. முழங்கால் வலியோடு பறந்தேன்.

விடுபட்ட பாதையை ஒரே வரியாகத் தட்டினேன், எல்லாம் ஓடியது. ஆனால் தட்டிய வரி அந்த விண்டோவை மூடும்வரைதான் செல்லும். அதையே, விண்டோ திறக்கும்போதெல்லாம் கம்ப்யூட்டர் தானாகப் படிக்கும் தொடக்க ஃபைலில் எழுதிவிட்டால் என்றைக்கும் ஓடும். முதல் நாள் மறந்தேன் என்று வைத்துக்கொள்ளலாம். மறுநாள் மறக்கவில்லை, வேண்டாம் என்று விட்டேன்.

பதினோரு மாதம் தினமும் காலையில் கூப்பிட்டாள். நானும் கண்ணாடியைத் துடைத்து, உதட்டைப் பிதுக்கி, பெரிய வைத்தியர் மாதிரி பாவலா காட்டுவேன். அவள் எழுந்து போகும் நேரம் பார்த்துத் தட்டிவிட்டு, தட்டிய சுவட்டையும் அழித்துவிடுவேன். ஒருமுறை, கற்றுக்கொடுங்கள் என்று கேட்டாள்.

"இதெல்லாம் உனக்குப் புரியாதும்மா. நான் எதுக்கு இருக்கேன்?"

பாசத்தோடுதான் சொன்னேன். அவள் நம்பினாள். போகப்போக மற்ற எதுவும் தனக்குப் புரியாது என்றும் நம்ப ஆரம்பித்தாள்.

தேர்வுக் குழுவின் முன் தன் மீன் ஆராய்ச்சிக் கணக்கீட்டை லேப்டாப்பில் ஓட்டிக்காட்ட வேண்டிய நாளில் நீங்களும் அங்கே இருந்தீர்கள். தேறினால் மூன்று வருடம் கடலோர ஆய்வு நிலையத்துக்குப் போய்விடுவேன் என்று முந்தைய வாரம்தான் சொல்லியிருந்தாள். காலையில் வழக்கம்போல் சரிசெய்து கொடுத்தேன். "அங்கயும் ஓடும்லப்பா?" என்றாள். ஓடும் என்றேன். அவள் லேப்டாப்பை அணைத்துப் பையில் வைப்பதைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

அங்கிருந்து ஏழு முறை போன் செய்தாள். போனை எடுக்காமல் எதிரில் வைத்து எண்ணிக்கொண்டிருந்தேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், என்னை இத்தனை முறை கூப்பிடுகிறாளே என்று சந்தோஷமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து, "நான் எதுக்கும் லாயக்கில்லப்பா" என்றாள். தலையைத் தடவிக்கொடுத்தேன், மறுக்கவில்லை. அன்றிலிருந்து அவள் அறையை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை.

அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள் மேடம். கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கள். நானும் பக்கத்தில் இருக்கிறேன். அவள் உடைந்துபோனால் சரிசெய்ய ஆள் வேண்டாமா?