வெள்ளிக்கிழமை ஏழு மணி சௌனா

காபி ஆறுவதற்குள் ஒரு மனிதனைக் கொன்றுவிட்டு, பிறகு அவனோடேயே உட்கார்ந்து அந்தக் காபியைக் குடித்தவன் நான். ஏலக்காய் பன்னும் இருந்தது. பெரிய பாதியை அவனுக்குத்தான் கொடுத்தேன்.

இதைச் சொன்னதும், எங்கள் ஊர்க் காவல் நிலைய விசாரணை அதிகாரி சிர்க்கு பேனாவைக் கீழே வைத்தாள்.

"இல்போ, உங்க கதைக்கெல்லாம் எனக்கு நேரமில்ல. போன வருஷம் படகு நீளத்துக்கு மீன் பிடிச்சேன்னீங்க."

"படகு சின்னதும்மா" என்றேன்.

முப்பத்தெட்டு வருடம் நகராட்சிக் கம்ப்யூட்டர்களை மேய்த்தவன் நான். ஊரில் எல்லோர் பெயரும் ஒரே மையப் பதிவேட்டில் இருக்கும். நூலகமோ மருந்தகமோ அதைக் கேட்டுத்தான் ஒருவரை ஆளென்று ஒப்புக்கொள்ளும். 'வசிப்போர்' அதில் ஒரு கிளை, 'காலமானோர்' இன்னொரு கிளை. நான் ஓய்வு பெற்றபின், எங்கள் அடுக்குமாடியின் இணையதள லாகினை அந்தப் பதிவேட்டோடு இணைத்துத் தரச் சொன்னார்கள். வாசற்கதவு, பொது அறையில் துணி துவைக்க யார் முறை, சௌனா என்கிற நீராவிக் குளியலுக்கு எந்நேரம் யார் முறை எல்லாம் அந்தத் தளத்தில்தான். இணைப்புக்குப் படிக்கும் உரிமை போதும். ஒரு படிவம் மிச்சமாகட்டுமே என்று, மூட மறந்திருந்த என் பழைய கணக்கைக் கொடுத்தேன். அதற்குப் பதிவை மாற்றி எழுதும் உரிமையும் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஏழு மணி சௌனா இருபத்தாறு வருடமாக ரெய்யோவுடையது. எதிர்வீட்டுக்காரன், நல்லவன். எங்களில் யாரும் சௌனா முறையை விட்டுத்தருவதில்லை, கேட்பதும் அநாகரிகம். வீடு மாறினால் அல்லது செத்தால்தான் அடுத்தவருக்கு. அடுத்தவன் நான். எனக்கு வாய்த்ததோ செவ்வாய் மூன்று மணி, அடுப்பு அப்போதுதான் காயத் தொடங்கும். அந்தச் சூட்டில் என் மீசைப் பனிகூட உருகியதில்லை.

இணைப்பு வேலை செய்கிறதா என்று ஒரு பெயரை நகர்த்திப் பார்க்க வேண்டியிருந்தது. ரெய்யோவின் பெயரைக் 'காலமானோர்' கிளைக்கு நகர்த்தினேன். அடுத்த நொடி வெள்ளிக்கிழமை என் பெயருக்கு வந்தது. அருமையான இணைப்பு.

திருப்பி வைக்கத்தான் இருந்தேன். ஆனால் 'காலமானோர்' கிளையிலிருந்து ஒருவரை மீட்க, அவரே லாகின் செய்து ஒப்புதல் தர வேண்டும். காலமானவருக்கோ லாகின் திறக்காது. அந்த விதியை எழுதியவனும் நான்தான். என் கை கட்டுண்டு கிடந்தது.

அப்போதுதான் ரெய்யோ கதவைத் தட்டினான். "வாசக்கதவு என்னைத் தெரியாதுங்குது இல்போ. யாரோ வெளிய போனப்ப நுழைஞ்சு வந்தேன். நகராட்சிக்கு போன் பண்ணிக் கேட்டா, நான் செத்துட்டேனாம். அப்புறம் எப்படிப் பசிக்குது?"

"இந்தா, பன் எடுத்துக்க" என்றேன்.

அதன்பின் தினமும் நான்தான் அவனுக்கு வாசலைத் திறந்துவிட்டேன். வேறு யார் செய்வார்கள்? மருந்தகத்தில் இதய மாத்திரை தரவில்லை. காலமானவருக்கு மருந்து தருவதில்லை என்பது நல்ல விதி. அவன் சத்தம் போடவுமில்லை. "பதிவேடு சொன்னா ஏதாச்சும் காரணம் இருக்கும்" என்று ஒவ்வோர் அலுவலகத்திலும் டோக்கன் எடுத்து உட்கார்ந்தான். பதினோராம் நாள் மாடிப்படியில் விழுந்தான். பதிவேடும் ஆளும் ஒத்துப்போனார்கள். தொழிலில் இதை ஒத்திசைவு என்போம்.

"யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?" என்றாள் சிர்க்கு.

"சொல்லியிருந்தா வெள்ளிக்கிழமை போயிருக்குமே."

"சும்மா அளக்காதீங்க. எழுபத்தேழு வயசு, இதயம் நின்னுருச்சு. உயிரோட எதிர்ல நிக்கிறவர ஒரு ஊரே செத்தவர்னு நம்புமா? யாராச்சும் ஒருத்தர் முகத்தப் பாத்திருக்க மாட்டாங்க?"

"ஒன்பதாம் நாள் இங்க வந்தான்மா. நீலக் கம்பளித் தொப்பி, அதோட காது மறைப்பு ஒண்ணு கிழிஞ்சது."

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு தன் வலது கையைப் பார்த்தாள்.

"கை குடுத்தாரு" என்றாள். "சூடாத்தான் இருந்துச்சு. 'உயிரோட இருக்கேன்னு ஒரு வரி எழுதித் தாம்மா'ன்னாரு. திரையில காலமானவர்னு இருந்துச்சு. லாகின் பண்ணி மனு போடுங்கன்னு நான்தான் அனுப்பிவெச்சேன்."

பேனாவை எடுத்தாள், எழுதவில்லை.

"இது கதையில்ல. நடந்தது, இல்போ."