பிரேக் சத்தம் மட்டும் இருக்கட்டும்

ஹலோ… ஹலோ, மனோகரன் அண்ணனா? நான் யோகேஸ்வரி பேசுறேண்ணே. சபாபதியோட வீட்டுக்காரி… ஆமா, ஆமா, காலையில பிரேக் பார்க்கணும்னு காரைக் கொண்டுவந்து விட்டாரே, அவருதான்… நல்லா இருக்கேண்ணே. அவரு பக்கத்துல நிக்கிறாரா?… எங்க?… எதிர் கடையிலயா? ரொட்டி சானாய் சாப்பிடவா? அப்போ சரி. அவரு மென்னு முழுங்க அரை மணி நேரம் ஆகும். அண்ணே, நான் கூப்பிட்டது அவருக்குத் தெரியக்கூடாது. சரியா?…

ஐயோ, சண்டை எல்லாம் இல்லண்ணே. அந்த பிரேக் சத்தம் இருக்குல்ல, கீச்சு கீச்சுன்னு… ஆமா, ஆமா, அதேதான்… இல்லண்ணே, சீக்கிரம் சரி பண்ணுங்கன்னு சொல்ல வரல. சரி பண்ணிடாதீங்கன்னு சொல்ல வந்தேன்.

ஹலோ?… லைன்ல இருக்கீங்களா?…

சிரிக்காதீங்க லா, நான் சீரியஸா பேசிட்டிருக்கேன். பிரேக்கை நல்லா கழுவுங்க, தொடைங்க, எண்ணெய் வேணும்னாலும் போடுங்க… என்ன? பிரேக்குல எண்ணெய் போடக்கூடாதா? சரி, சரி, போடாதீங்க, கத்தாதீங்க. நான் என்னத்தைக் கண்டேன். சத்தத்தை மட்டும் அப்படியே விட்டுடுங்க…

ஏன்னா கேக்குறீங்க? சொல்றேன், ஆனா உங்களோட இருக்கணும். அவரு செனாய் ஃபேக்டரியில வேலை முடிஞ்சு வந்து எங்க தாமான் வீடுங்க ஆரம்பிக்கிற முனை, அந்த சிம்பாங்குல திரும்புவாரு பாருங்க, அங்கயே கார் கத்த ஆரம்பிச்சிடும். அப்புறம் அந்த ரோட்டு மேட்டுல ஒரு கத்து. கடைசியா கேட்டுல ஒண்ணு. சிம்பாங்குல இருந்து கேட்டுக்கு சரியா ஒண்ணரை நிமிஷம். எங்களுக்கு அது போதும்…

எதுக்கா? எங்க மாமனாரைத் தெரியுமில்ல, காளியப்பன் மாமா. அவருக்கு சுகரு. இனிப்பைத் தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மாமாவுக்கு சாயங்காலம் கட்டிப்பால் ஊத்தி ஒரு கிளாஸ் தேத்தண்ணி குடிக்கலன்னா பொழுது போகாது. கார் கத்துச்சோ இல்லையோ, கிளாஸைக் கழுவிக் கவுத்துட்டு, துண்டால வாயைத் தொடச்சிக்கிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்துடுவாரு… ஆமாண்ணே, நான்தான் கலக்கிக் குடுக்கிறேன். கேக்குற முகத்தைப் பார்த்தா எப்படி இல்லைங்கிறது? அடுத்தது லோஷினி. மகளுக்கு இந்த வருஷம் எஸ்.பி.எம். பரீட்சை. அப்பா வரும்போது கையில புத்தகம் இருக்கணும்னு ஆர்டர். சத்தம் கேட்டதும் போன் குஷனுக்கு அடியில போயிடும், புத்தகம் மடிக்கு வந்துடும். சில நாள் தலைகீழா வச்சிக்கிட்டு படிப்பா…

நானா? நான் என்னத்தை ஒளிக்கப் போறேன்… 

சரி, சொல்லிடுறேன். ஒரு பூனை.

ஆமா, பூனை! சின்னதுண்ணே. மழைத்தண்ணி ஓடுற லோங்காங்குல கிடந்து கத்திக்கிட்டு இருந்துச்சு. உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி, மிளகுன்னு பேரு வச்சிருக்கோம். அவருக்குப் பூனைன்னாலே ஆகாது. வீட்டுக்குள்ள ஒரு முடி பார்த்தாலும் அன்னைக்கு பூரா பேசுவாரு. அதனால கார் கத்துனா நான் அதைத் தூக்கிட்டு ஓடிப்போயி, பின்னாடி துணி துவைக்கிற இடத்துல கூடைக்குள்ள போட்டுடுவேன். மூணு மாசமா இப்படியே ஓடுது. இப்ப நீங்க அந்தச் சத்தத்தை நிறுத்திட்டீங்கன்னா எங்க மூணு பேரு கதையும் முடிஞ்சுது. பூனையோட சேர்த்து நாலு…

இருங்கண்ணே. மாமா! பால் டின்னை மூடி வைங்க, எறும்பு வரும்!… ஆங், சொல்லுங்க.

எப்படிக் கத்துதா? எனக்கு நல்லாத் தெரியுமே. தினமும் காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறவ நான்தானே. மெதுவா மிதிச்சாதான் கத்தும். ஓங்கி மிதிச்சா கத்தாது… ஆமா… ஆமா. மழை பெஞ்ச மறுநாள் காலையில, முதல் தடவை மட்டும் சொரசொரன்னு கேக்கும், அப்புறம் நின்னுடும்… ஓ, அது வெறும் துருவா? சரி… இப்பவும் அதே சத்தம்தானான்னா… இல்லண்ணே. போன வாரத்துல இருந்து குரல் மாறிடுச்சு. முதல்ல கீச்சுங்கும், கடைசியில 'கர்ர்ர்'னு இழுக்கும். கல்லுல கல்லு உரசுற மாதிரி… செஞ்சு காட்டவா? கர்ர்ர்ர்… இல்ல இல்ல, இன்னும் அடித்தொண்டையில. க்க்கர்ர்ர்ர்… லோஷினி, எனக்கு ஒண்ணும் ஆகல, நீ உள்ள போ!… எந்தப் பக்கமா? இடது பக்கம். முன்னாடி டயரு. கேட்டுக்குள்ள வரும்போது நான் அந்தப் பக்கம்தான் நிப்பேன், நல்லாக் கேக்கும்…

ஏண்ணே, சிரிப்பை நிறுத்திட்டீங்க?

இப்பவே கழட்டுறீங்களா?… சரி, சரி. நான் லைன்லயே இருக்கேன்.

ம்… மெஷின் சத்தம் கேக்குது… ம்…

சொல்லுங்க. வெளிப்பக்கத்து பிரேக் பேட் பாதி இருக்கு, சரி… உள்பக்கம்?… ஒண்ணுமே இல்லன்னா என்ன அர்த்தம்? வெறும் இரும்பா?… பேடைப் பிடிக்கிற பின்னு துருப்பிடிச்சு இறுகிப்போயி, ஒரு பக்கமாவே தேஞ்சிருக்கு… ஐயோ, அலமாக்… டிஸ்க்கைத் தடவுனா விரல்ல கோடு தட்டுதா… அப்போ நான் கேட்ட அந்த கர்ர்ர்… இரும்போட இரும்பா?…

ஒரு நிமிஷம்ண்ணே.

இல்ல, இருக்கேன். உக்காந்துக்கிட்டேன்… அந்த இடது பக்க சீட்டுலதாண்ணே லோஷினி உக்காருவா. நேத்து அந்த மழையில டியூஷனுக்குக் கொண்டுபோய் விட்டாரு. அப்புறம் அந்த ஹைவே. தினமும் கண்டெய்னர் லொரிக்கு முன்னாடி பின்னாடின்னு வர்றாரு. நான் என்னடான்னா, 'வந்துருச்சு, வந்துருச்சு'ன்னு பூனையைத் தூக்கிட்டு ஓடிக்கிட்டு இருக்கேன்… ஆமாண்ணே… ஆமா… பேட் தேஞ்சா கத்துறதுக்குன்னே ஒரு சின்னத் தகடு வச்சிருக்காங்களா? எனக்கு எப்படித் தெரியும்? நான் அதை எங்களுக்குன்னு கத்துதுன்னு நெனச்சிக்கிட்டேன்…

மாத்திடுங்க. ரெண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாத்தணுமா? மாத்துங்க. டிஸ்க்கு, பின்னு, என்னென்ன இருக்கோ எல்லாம். முன்ன நான் சொன்னதை மறந்துடுங்கண்ணே, கிறுக்கி பேச்சு. ஒரு பொட்டு சத்தம் வரக்கூடாது. மாமா கிளாஸ் மாட்டுனா மாட்டட்டும்…

என்ன?… முன்னயே டயர் கழட்டும்போது, பூட்டு நட்டோட சாவி எடுக்கணும்னு பின்னாடி சாமான் வைக்கிற போனட்டைத் தொறந்தீங்க, சரி… அங்க என்ன இருந்துச்சு?

பூனைச் சாப்பாடா?

எங்க காருலயா?… பெரிய பையா?… பாதி காலியா?… அண்ணே, வேற யாரு காரையாவது தொறந்துட்டீங்களா, நம்பரைப் பாருங்க… அதே நம்பர்தானா… அப்போ யாருக்கு வாங்கிப் போடுறாரு? பூனைன்னா ஆகாத மனுஷன் பூனைச் சாப்பாட்டை எங்க கொண்டு போறாரு? அண்ணே, மறைக்காம சொல்லுங்க. இவரு வேற எங்கயாவது போறாரா? வேற வீடு கீடு… சிரிக்காதீங்கண்ணே, சொல்லுங்க!

இருங்க. இருங்க, இருங்க.

அந்த மிளகு குண்டாயிட்டே வருதுண்ணே. நான் போடுறது சோத்துல பெசஞ்ச நாலு நெத்திலி. அதுல எப்படிக் குண்டாகும்னு நானே நெனச்சேன். ஞாயித்துக்கிழமை ஆனா இவரு கார் கழுவுறேன்னு வாளியைத் தூக்கிட்டு பின்னாடி போறாரு. ஒரு மணி நேரம் கழிச்சு வர்றாரு, காரு அப்படியே அழுக்கா நிக்குது…

அண்ணே. அவருக்கு எல்லாம் தெரியுமா?

இழுக்காதீங்க. நீங்க இழுக்கிறதுலயே எனக்குப் பாதி புரிஞ்சிடுச்சு… எப்பலேர்ந்து?… சத்தம் வந்த அப்பவே காரை உங்ககிட்ட கொண்டுவந்தாரா?… வெறும் தூசிதான், பேடை எடுத்து உரசிவிட்டா நின்னுடும்னு சொல்லியிருக்கீங்க… ஆமா… ஆமா… அவரே வேணாம்னுட்டாரா? என்ன சொன்னாரு? அப்படியே சொல்லுங்க, ஒரு வார்த்தை விடாம…

சத்தமில்லாம வீட்டுக்குப் போனா எல்லாத்தையும் கண்டுபிடிக்கணும்… கண்டுபிடிச்சா திட்டணும்… வேலை செஞ்சு களைச்சு வந்து எவன் திட்டுறதுன்னாரா?

சிம்பாங்குல வேணும்னே மிதிப்பாரா?… அப்பாவுக்குக் கிளாஸ் கழுவ நேரம் வேணும்னு, ரெண்டு தடவையா?…

இல்லண்ணே, அழல. சளி… இல்லைங்கிறேன்ல. வீட்டுக்குள்ள வந்ததும் மூஞ்சை உர்ருன்னு வச்சிக்கிட்டு, 'என்ன எல்லாரும் இவ்வளவு அமைதியா இருக்கீங்க'ன்னு கேப்பாரு பாருங்க. நாங்க மூணு பேரு நடிக்கிறோம்னு நெனச்சிட்டிருந்தேன். எங்க எல்லாரையும் தூக்கிச் சாப்பிடுற நடிகன் அங்க நின்னிருக்கான்!… அப்போ இன்னைக்கு மட்டும் ஏன் கொண்டுவந்தாரு?… ஓ, அந்த கர்ர்ர் அவருக்கும் கேட்டுச்சா… நேத்து டியூஷன்ல விட்டுட்டு வரும்போது பயந்துட்டாரா… காலையில என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலண்ணே. சும்மா பார்த்துட்டு வரேன்னாரு. நீங்களும் நல்ல ஆளுதான், மூணு மாசமா வாயைத் தொறக்கல. இந்த பெர்மாஸ் ஜெயா ஊருல என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியும் போல இருக்கு…

என்னது? வர்றாரா? ரோட்டைத் தாண்டுறாரா?… அலமாக், அண்ணே, வேகமா கேளுங்க. வேலை முடிஞ்சதும் அவருகிட்ட ஒண்ணு சொல்லுங்க. புது பேட் டிஸ்க்குல நல்லாப் படியுற வரைக்கும் எங்க சிம்பாங்குல திரும்பும்போது ரெண்டு தடவை ஹார்ன் அடிக்கணும்னு… ஆமா, ஹார்ன்… பிரேக்குக்கும் ஹார்னுக்கும் என்ன சம்பந்தமா? ஒரு சம்பந்தமும் இல்ல!… நம்ப மாட்டாருதான். பதினெட்டு வருஷமா மெஷினோட கிடக்கிறவரு, எப்படி நம்புவாரு? நம்ப வேணாம்ண்ணே. நீங்க சொன்னாப் போதும். அவருக்குப் புரியும்…

பக்கத்துல வந்துட்டாரா? யாருன்னு கேக்குறாரா?… ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரம்மான்னு சொல்லுங்க. வைக்கிறேன், வைக்கிறேன்!