பின்னாலேயே வர்றார்

முதல் கோழி கூவ இன்னும் ஒரு நாழிகை இருந்தது. ஊர்க் கோட்டைச் சுவரிலிருந்து வாய்க்கால் தலைமதகு வரைக்கும் ஒற்றைத் தடம். ஒருபக்கம் ஆறு, மறுபக்கம் கள்ளிக்காடு. நடுவில் ஒரு வீடு கிடையாது... நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா, கணப்பில் இன்னும் சூடு இருக்கிறது.

அந்தத் தடத்தில் ஒருத்தி தனியாக நடந்துகொண்டிருந்தாள். லுகார்தா. என் சிநேகிதி பெத்ரோனிலாவுக்குச் சித்தி. தோளில் புருஷனுடைய மண்வெட்டி. அந்தப் புருஷன் அனஸ்தாசியோவை ஐப்பசியில், ஆட்டு மந்தையோடு போன இடத்தில், கொள்ளைக் குதிரைக்காரர்கள் கொன்றுவிட்டார்கள். கழுதை முதுகில் கொண்டுவந்து, மாதா கோவில் சுவரோரம் புதைத்தார்கள். கடைசிப் பிடி மண்ணைப் போட்டது அவள்தான்.

இப்போது மார்ச் மாதம். வாய்க்கால் தூர்வார வீட்டுக்கு ஓர் ஆம்பிளை வரவேண்டும். வராத வீட்டுக்கு அந்த வருஷம் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லையென்றால் சோளம் இல்லை. வீட்டில் அவளும், பத்து வருஷமாக இடி விழுந்தாலும் காது கேட்காத மாமியார் தோமாசாவும்தான். கூலிக்கு ஆள் வைக்க வழியில்லை. நானே வெட்டுகிறேன் என்று கேட்டுப் பார்க்கலாமென்று கிளம்பியிருந்தாள்.

மதகருகே இருட்டில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். வாய்க்கால் மேஸ்திரி தோன் கலிஸ்த்ரோவுக்கு எழுத்துத் தெரியாது. முப்பது வீட்டு ஆட்களின் பெயரும் மனப்பாடம். முப்பது வருஷப் பழக்கம் நாக்கில் வந்துவிட்டது.

"அனஸ்தாசியோ!"

இரண்டு பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

எங்கள் வாய்க்காலில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் வரத் தாமதமானால், அவன் வீட்டார் யாராவது 'பின்னாலேயே வர்றார்' என்று குரல் கொடுப்பார்கள். அவனுக்கும் வெட்டவேண்டிய பங்கை அளந்து வைத்துவிடுவார் மேஸ்திரி. குரல் வராவிட்டால் அவன் பெயரைக் கழித்துவிடுவார்.

லுகார்தா நான்கு மாதமாகச் சரியாகத் தூங்கியிருக்கவில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"பின்னாலேயே வர்றார்."

பக்கத்து வயல்காரன் பெந்தூரா கனைத்தான். அவனுக்கு அவள் பங்குத் தண்ணீர்மேல் ஒரு கண். "ரொம்ப தூரத்துலேர்ந்துல்ல வரணும் தாயீ! வழியில கால் வலிக்குமே?"

"வாயை மூடுடா, கழுதை," என்றார் மேஸ்திரி. கோலை எடுத்தார். அன்றைய பங்காக ஆறு கோல் நீளம் அளந்து கல் நட்டார். அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அன்று முழுக்க வெட்டினாள். பனி இறுகிய சேறு. பொழுது சாயும்போது மூன்று கோல்தான் முடிந்திருந்தது. மறுநாள் விடியலில் வந்து பார்த்தால்... ஆறும் முடிந்திருந்தது. அவள் வெட்டியது கோணல் மாணல். மற்றது கத்தியால் சீவியதுபோல் இருந்தது. சேறு முழுக்க வலப்பக்கக் கரையில். அந்த ஊரில் இடக்கையால் மண் வாரியவன் அனஸ்தாசியோ ஒருவன்தான். வெட்டுண்ட வேர் வாசத்தோடு, அவன் பிடிக்கிற காட்டுப் புகையிலை வாசம்.

யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாளும். நான்காம் நாள் அவள் இரண்டு கோலோடு நிறுத்திக்கொண்டாள். ஐந்தாம் நாள் மண்வெட்டியைத் தலைக்கு வைத்துக் கரையிலேயே தூங்கினாள். அவளைக் குறை சொல்லாதீர்கள். அலுப்பு அப்படி.

பத்தாம் நாள் தண்ணீர் திறந்தார்கள். வேலை முடிந்தால் மேஸ்திரி ஒவ்வொரு பெயராகச் சொல்லி விடைகொடுக்கவேண்டும். அனஸ்தாசியோவின் முறை வந்தது. 'சொல்லாதீங்க' என்று கத்த நினைத்தாள் லுகார்தா. கத்தினால் ஆள் வரவில்லை என்றாகிவிடும். தண்ணீர் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மேஸ்திரிக் கிழவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அனஸ்தாசியோ... வேலை முடிஞ்சுதுப்பா. வீட்டுக்குப் போ."

அன்று ராத்திரி கதவுக்குத் தாழ் போட்டு, மண்வெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்திருந்தாள். காலடிச் சத்தம். மெதுவாக, தேய்த்துத் தேய்த்து... நாள் முழுக்க வேலை செய்தவன் நடை. வெளிச்சுவரில் மண்வெட்டி சாத்துகிற சத்தம்.

மண்வெட்டி அவள் மடியில் இருந்தது.

பிறகு வாசல்கல்லில் செருப்புச் சேறு தட்டுவது. டொக்... டொக். எப்போதும் இரண்டு தடவை.

உள்ளே படுத்திருந்த தோமாசா எழுந்து உட்கார்ந்தாள். காது கேட்காத தோமாசா.

"என்னடி பார்த்துக்கிட்டு இருக்கே? பிள்ளை அலுத்துப்போய் வந்து நிக்கிறான். தாழைத் திற. கஞ்சியைச் சுட வை."

திறந்தாளா என்று பெத்ரோனிலா கேட்டிருக்கிறாள். சித்தி பதில் சொன்னதில்லை. அந்த வருஷம் சோளம் நன்றாக விளைந்தது. வீட்டில் தினமும் மூன்று கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருக்கும். அவ்வளவுதான் தெரியும்.

அடுத்த மார்ச். அதே இருட்டு, அதே வரிசை. பெத்ரோனிலாவின் அப்பாவும் நின்றிருந்தார். இந்தத் தடவை மேஸ்திரி தவறு செய்யவில்லை. உயிரோடிருப்பவள் பெயரையே கூப்பிட்டார்.

"லுகார்தா!"

அவள் வந்திருக்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார்.

வரிசையின் கடைசியில், யாரும் நிற்காத இடத்திலிருந்து, சேறு அடைத்த தொண்டையில் ஓர் ஆம்பிளைக் குரல் வந்தது.

"பின்னாலேயே வர்றா."