வெள்ளைக்கரு ஏன் இளகுச்சு

அண்ணி, என்ன முட்டை இது, வெள்ளைக்கரு தண்ணியா ஓடித் தட்டெல்லாம் பரவிக் கெடக்கு, கெழட்டுக் கோழி முட்டையான்னு கேக்குறியே ரோசரி, பாதியைத் தின்னுட்டா கேப்பாங்க? நான் படிச்ச கான்வென்ட்ல சாப்பாட்டைக் குறை சொன்னா மதர் முட்டி போட வெப்பாங்க. உன்னை யாரும் போட வெக்கல, அதான்.

ஆமா, கெழட்டுக் கோழிதான். கோழிப்பண்ணையில வேலை பாக்குற ஸ்தனிஸ்லாஸ் வந்து பாத்துட்டுச் சொன்னாரு. இளங்கோழி முட்டையில வெள்ளைக்கரு கெட்டியா மஞ்சக்கருவைத் தாங்கி நிக்குமாம். வயசு ஏற ஏற இளகிடுமாம். வெள்ளை லெகார்ன் சாதிக் கோழிக்கு ஒரு மாதிரி, நாட்டுக்கோழிக்கு ஒரு மாதிரி. அடைக்கிற எடம் வேற பாக்கணுமாம், கூண்டா, உமி பரப்பின தரையா, வெக்கை எறங்குற தகரக் கொட்டாயான்னு. தட்டுல ஒடச்சு ஊத்திட்டுக் குனிஞ்சு குனிஞ்சு பாக்குறாரு, வெள்ளைக்கரு எவ்வளவு ஒசரம் நிக்குதுன்னு. பொண்ணு பாக்க வர்றவங்களுக்குக்கூட அவ்வளவு மரியாதை தெரியாது.

என்ன சிரிப்பு? வயசு, சாதி, அடையுற எடம். என் மக லூர்துராணிக்கு நீயும் இதைத்தானே பாத்த? தொட்டில்ல கெடந்தவளை என் மகன் விக்டருக்குத்தான்னு சொன்னவ நீ. அவன் ஸ்ரீரங்கத்துல பேங்க்ல சேந்ததும், பொண்ணுக்கு வயசாயிடுச்சுன்ன. ரெண்டு பேருக்கும் ஒரே மாசத்துல ஞானஸ்நானம், இவளுக்கு மட்டும் எப்படிடீ வயசாச்சு? அப்புறம், மாமன் மக, ஒரே ரத்தம், பிஷப்கிட்ட அனுமதி வாங்கணும்ன. நீ கட்டினது யாரை? உன் மாமன் மகனைத்தானே? கடைசியா, பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ்ல வளந்தவ எடமலைப்பட்டி புதூர் மாடி வீட்டுக்குச் சரிப்பட மாட்டான்ன. இதே குவார்ட்டர்ஸ் வாசல்ல பந்தல் போட்டுத்தான் உங்க அண்ணன் உன்னைக் கட்டிக் குடுத்தாரு.

எந்திரிக்காதே, உக்காரு. சண்டை போடவா வரச் சொன்னேன்? நல்ல சேதிதான். லூர்துராணிக்குக் கல்யாணம். அந்த ஸ்தனிஸ்லாஸ்தான் மாப்பிள்ளை. ஆமா, ரெண்டாந்தாரம். இருக்கட்டும். கோழிக்குக் கேட்ட கேள்வியில ஒண்ணைக்கூட அந்த மனுஷன் பொண்ணுக்குக் கேக்கல.

ஞாயித்துக்கிழமை பூசையில மொத கல்யாண ஓலை வாசிக்கிறாங்க. இந்தக் கல்யாணத்துக்குத் தடை எதுவும் தெரிஞ்சா சொல்லணும்னு சாமியார் கேப்பாரு, உனக்குத் தெரியாதா. அத்தைக்காரி நீ இல்லாம எப்படி? பட்டுச்சேலை கட்டிட்டு வந்து முன்னாடி உக்காரு.

விக்டரை மட்டும் கூட்டிட்டு வராதே.

ஏன்னு கேக்குறியா? அவன் மூஞ்சியைப் பாத்தா இவளே எந்திரிச்சுத் தடை சொல்லிடுவாடீ. இன்னும் அப்படித்தான் இருக்கா, பைத்தியம். கூட்டிட்டு வர மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. மெதுவா, உள்ளதான் இருக்கா. சொல்லு ரோசரி.

ரோசரி?