மைதானத்தை அளந்த சுலோசனா அம்மையாருக்கு

அஞ்சாமை அணியாக, வாய்மை வழியாக, முப்பத்தோராண்டு எம்மோடு பணியாற்றி இன்று ஓய்வு பெறும் கணித ஆசிரியையே! ஹனூரில் பிறந்து மைசூருக்கு வாய்த்த மாண்பே! சுலோசனா அம்மையாரே, வணங்குகிறோம்.

இவ்வேளையில் வாசிக்கவென்று பள்ளிச் செயலாளர் ஒரு மடலைத் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார். உங்கள் பொறுமைக்கு நான்கு வரி, புன்னகைக்கு மூன்று வரி. சென்ற ஆண்டு நடந்ததற்கு ஒரு சொல்லும் இல்லை. அதை ஒதுக்கிவிட்டோம். இது நாங்கள் எழுதியது, கோபத்தோடு எழுதியது.

ஐந்தாம் வகுப்புக்குச் சதுரமும் செவ்வகமும் கற்பிக்க நீங்கள் கரும்பலகையை நாடியதில்லை. தரையில் மீட்டருக்கு மீட்டர் கட்டம் வரைந்து, கட்டத்துக்கு ஒரு பிள்ளையாக நிற்க வைப்பீர்கள். “சுத்தி நடந்தா சுற்றளவு, உள்ள ரொம்புனாப் பரப்பளவு, கண்ணு” என்பீர்கள். நீளத்தை அகலத்தால் ஏன் பெருக்குகிறோம் என்பதை, நின்ற வரிசைகளை எண்ணியே பிள்ளைகள் கண்டுகொண்டார்கள்.

சென்ற ஜூலையில் விளையாட்டு மைதானத்தையே அளக்கச் சொன்னீர்கள். நீளம் அறுபது மீட்டர், அகலம் இருபத்துநான்கு. பெருக்கினால் ஆயிரத்து நானூற்று நாற்பது சதுர மீட்டர். அலுவலக வாசல் பலகையிலோ அறுபதுக்கு நாற்பது, இரண்டாயிரத்து நானூறு!

“போர்டு தப்பா மிஸ், நம்ம டேப்பு தப்பா?” என்றாள் பூங்குழலி.

“இன்னொருக்கா அளங்க.”

மூன்று முறை அளந்தார்கள். விடை மாறவில்லை. மீதிப் பதினாறு மீட்டர் அகலமும், கோடை விடுமுறையில் எழுந்த புதுச் சுவருக்கு அப்பால், செயலாளருடைய மைத்துனரின் வேன்கள் நிற்கும் இடமாகியிருந்தது.

அளந்த கணக்கை எழுதிப் பிள்ளைகள் அந்தப் பலகைமேல் ஒட்டிய தாளைக் கிழிக்கச் சொன்னார் செயலாளர். “சும்மனே எதுக்கும்மா கிரவுண்டுக்குப் போனீங்க? புக்குல இருக்கிற கணக்கு போதாதா?” என்று எங்கள் முன்னிலையில் கத்தினார்.

“தாளக் கிழிச்சுப் போடலாமுங்க. கணக்கு அப்படியேதானுங்களே இருக்கும்?” என்றீர்கள்.

அந்த ஒரு கேள்விக்காக உங்கள் வகுப்பைப் பறித்தார்கள்! கணிதம் கற்பித்த கைகளில் பாடநூல் கிடங்கின் சாவியைத் திணித்துப் பதினொரு மாதம் உட்கார வைத்தார்கள்! வெட்கம்! நாங்கள் பதினான்கு பேரும் தேநீர்க் கோப்பைக்குள் முகம் புதைத்து வாய்மூடிக் கிடந்தோமே, அது அதைவிட வெட்கம்!

வாய் திறந்தவர் பூங்குழலியின் தந்தை சித்தையன். ஹெப்பாள் தொழிற்சாலைத் தொழிலாளியான அவர், பெற்றோர் இருபது பேரைத் திரட்டி, மகளின் நோட்டுப் புத்தகத்தோடு கல்வி அலுவலகத்துக்குப் போனார். அதிகாரிகள் வந்து அளந்தனர். பிள்ளைகளின் விடை ஒரு மீட்டரும் பிசகவில்லை. மார்ச்சில் சுவர் இடிந்தது, வேன்கள் வெளியேறின. உங்கள் வகுப்பை மட்டும் எவரும் திருப்பித் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இன்று காலைதான் பதினான்கு பேரும் செயலாளர் அறைக்குச் சென்று கேட்டோம். “கடைசி நாளாச்சே, இனி எதுக்கு?” என்றார். அவர் அனுமதிக்குக் காத்திராமல் ஐந்தாம் வகுப்புக்கு உங்களை அழைத்துச் சென்றோம். நாற்பது நிமிடம் பாடம் நடத்தினீர்கள். பதினொரு மாதத்துக்கு நாற்பது நிமிடம் ஈடாகாது என்பதை அறிவோம்.

உடல் நலியாது, உள்ளம் சலியாது, குரல் தாழாது நூறாண்டு வாழ்க, அம்மையீர்! எங்கள்மீது உங்களுக்குச் சினம் இருந்தால், அது நியாயமே. தலைகுனிந்து அதையும் ஏற்கிறோம்.

இவண்,
பேசத் தாமதித்த உங்கள் சக ஆசிரியர்கள் பதினால்வர்,
மைசூரு.