வளைவிலே இரண்டு பெயர்கள்

— ஐயோ! என்ன வெடிச்சது? மார்க்கண்டண்ணை, தள்ளி நில்லுங்கோ!

— நான் தள்ளித்தான் நிக்கிறன், பரமலிங்கம். லைற் பெட்டிக்குள்ளை கையை வைச்சிருக்கிறது அந்தப் பிள்ளை. நிருஜா, கை சுட்டதோ?

— இல்லை, ஐயா. ஒரு ரான்சிஸ்ரர் வெடிச்சிட்டுது. வளைவிலை அம்பலவாணர் மாமான்ரை லைற் பேர் அணைஞ்சு போச்சு.

— நல்லா வேணும்! ரெண்டு நாளாய் அவன்ரை பேர் என்ன எரிப்பு எரிஞ்சது! காரைநகரிலை இருந்து வாற படகிலை நிண்டே வாசிக்கலாமாம். என்ரை பேர்? மின்மினி செத்துக் கிடக்கிற மாதிரி. கனடாவிலை இருக்கிற மகள் வீடியோவைப் பாத்திட்டு, ‘அப்பா, உங்கடை பேர் எங்கை?’ எண்டு கேக்கிறாள்.

— கத்தாதை, பரமலிங்கம். நாளைக்குக் கொடியேற்றம். பிள்ளையாருக்கு வளைவு கட்டித் தாங்கோ எண்டு கேட்டால், ரெண்டு பேரும் உங்கடை பேரை எல்லே கட்டியிருக்கிறியள். பிள்ளையாரின்ரை பேருக்கு ஒரு பல்பும் இல்லை.

— அது வேறை கதை, அண்ணை. வளைவுக்கு நான் பாதி, அவன் பாதி. வெளிச்சமும் பாதிக்குப் பாதி வரோணும். வடிவாய்க் கேளுங்கோ, இந்தப் பிள்ளை அம்பலவாணரிட்டை ஏதோ வாங்கியிருக்கு.

— நான் ஒருத்தரிட்டையும் ஒண்டும் வாங்கேல்லை, மாமா.

— அப்ப உமக்கு வேலை தெரியாது. ரெண்டிலை ஒண்டு. எதெண்டு நீரே சொல்லும். ரேடியோ திருத்திற கடை வைச்சிருக்கிறவையைக் கூப்பிட்டு வளைவுக்கு லைற் போடச் சொன்னால் இப்பிடித்தான்.

— நிருஜா, பரமலிங்கம் வாயாலை கேக்கிறதைக் கோயில் சபையிலை மற்ற ஆக்கள் மனசுக்குள்ளை கேக்கினம். கொழும்புக் கொம்பனியைப் பிடிப்பம் எண்டு எல்லாரும் நிக்க, நான் ஒருத்தன்தான் உமக்காகக் கதைச்சனான். இண்டைக்கு நீர் ஞாயம் காட்டாட்டி இந்தத் தீவுகளிலை ஒரு கோயில் வேலைக்கும் உம்மைக் கூப்பிடாயினம்.

— தெரியும், ஐயா. கோயில் வேலை நிண்டால் ஊர்காவற்றுறையிலை என்ரை கடையையும் பூட்டவேண்டியதுதான். அஞ்சு நிமிசம் தாங்கோ, காட்டுறன்.

— கதையாலை வெளிச்சம் வருமோ?

— பேசாமல் கேட்டால் வரும், மாமா. இஞ்சை மூண்டு ரான்சிஸ்ரர் இருக்கு. நடுவிலை இருக்கிறது, இவ்வளவு கரண்ட் எண்டு அளவு காட்டும். ரெண்டு பக்கமும் இருக்கிறதுகள் அதைப் பாத்து அதே அளவை எடுக்கோணும். கரண்ட் மிரர் எண்டு சொல்லுறது. கண்ணாடி மாதிரி.

— கண்ணாடியோ! கேட்டியளோ, அண்ணை? லைற் போடச் சொன்னால் முகம் பாக்கக் கண்ணாடி வைச்சிருக்கிறா.

— ஒரே பெட்டியிலை வாங்கின ரான்சிஸ்ரரும் ஒரே மாதிரி இராது. ஒண்டு கொஞ்சம் கூட இழுக்கும். இழுத்தால் சூடாகும். சூடானால் இன்னும் இழுக்கும்.

— அம்பலவாணர் மாதிரி.

— அதுக்குத்தான் ஒவ்வொண்டிலையும் கரண்ட் வெளியேறுற சோர்ஸ் காலுக்குக் கீழை ஒரு குட்டி ரெசிஸ்ரர், கரண்டுக்கு ஒரு தடை, வைச்சனான். கூட இழுத்தால் ரெசிஸ்ரரிலை வோல்ற்றேச் ஏறும். அது ஏற, ரான்சிஸ்ரருக்குக் கிடைக்கிற உந்தல் குறையும். தானாய் அடங்கும். ரெண்டு பேரும் ஒரே அளவிலை எரிவியள்.

— ஓகோ, என்னை அடக்கிறதுக்கு ஒரு சாமான்! மாத்தறையிலை முப்பது வருசம் கடை நடத்தினவன் நான், பிள்ளை. தராசுத் தட்டுக்குக் கீழை கல்லு ஒட்டுற வேலை எனக்குத் தெரியாதோ? என்ரை பேருக்குக் கீழை தடையை வைச்சு இறுக்கிப்போட்டு எனக்கே பாடம் எடுக்கிறா.

— ரெண்டு தட்டுக்கும் ஒரே கல்லுத்தான், மாமா.

— கதையைச் சுருக்கும், நிருஜா. ரெண்டுக்கும் ஒரே சாமான் எண்டால் ஒண்டு ஏன் வெடிச்சது?

— அதைத்தான் தேடுறன், ஐயா. ரோச் லைற்றைக் கிட்டப் பிடியுங்கோ. இன்னும் கொஞ்சம்... ஆ, இதைப் பாருங்கோ! இடப்பக்கத்து ரெசிஸ்ரரின்ரை ரெண்டு காலையும் சேர்த்து ஆரோ கம்பி முறுக்கியிருக்கினம். கரண்ட் ரெசிஸ்ரருக்குள்ளை போகாமல் கம்பியாலை ஓடியிருக்கு. அடக்க ஒண்டும் இல்லாமல் கண்டபாட்டுக்கு இழுத்து, சூடேறி வெடிச்சிருக்கு.

— ஆரோவோ? பெட்டியைச் செய்தது நீர். ஒரு பேரை ஏத்தி எரிக்க நீரே முறுக்கேல்லை எண்டு சபைக்கு நான் என்னெண்டு சொல்லுறது?

— நான் வைச்சிருந்தால் ஈயம் போட்டு ஒட்டியிருப்பன், ஐயா. இது மாலை கட்டிற கம்பி. முறுக்கின முறுக்கைப் பாருங்கோ, ஒரு விசரன் அவசரத்திலை முறுக்கின மாதிரி.

— முறுக்கிலை என்ன பிழையாம்?

— எல்லாம் பிழை, மாமா. இதைக் கழட்டிப்போட்டுப் புது ரான்சிஸ்ரர் ஒண்டு போட்டனெண்டால், பத்து நிமிசத்திலை ரெண்டு பேரும் சமனாய் எரியும்.

— தொடாதையும்! கம்பி இருக்கட்டும்.

— ஏன் இருக்கோணும், பரமலிங்கம்?

— ரான்சிஸ்ரரை மாத்தட்டும், அண்ணை. அதுக்கு எனக்கு மறுப்பில்லை. கம்பி அது பாட்டுக்கு இருக்கட்டும். அது என்ரை பக்கத்துக் கம்பி.

— உங்கடை பக்கமோ? மாமா, கம்பி கிடக்கிறது அம்பலவாணர் மாமான்ரை பக்கத்திலை. அதைக் கழட்டினால் உங்களுக்குத்தானே நல்லது.

— விசர்க்கதை! இடம் வலம் தெரியாதவ கோயிலுக்கு வயர் இழுக்க வந்திட்டா! வளைவிலை இடப்பக்கம் பரமலிங்கம், வலப்பக்கம் அம்பலவாணர். யாழ்ப்பாணம் போற பஸ்ஸிலை இருக்கிற குழந்தைப்பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.

— பஸ் றோட்டிலை போகுது, மாமா. நாங்கள் வளைவுக்குப் பின்னாலை எல்லே நிக்கிறம். இஞ்சை இருந்து பாத்தால் இடப்பக்கம் அவர்.

— பின்னாலை... அட கோதாரி! அப்ப என்ரை பேர் கூட எரியட்டும் எண்டு நான் முறுக்கின கம்பி ரெண்டு நாளாய் அந்தப் பேயனுக்கோ வெளிச்சம் குடுத்தது?